கிழக்குத் தோட்டத்துக்கு எந்தச் சாஸ்திரம்?

வக்கீல் நோட்டீசு வந்து சேர்ந்தபோது சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவள்தான் அந்த நோட்டீசை அனுப்பியவள்.

"அண்ணா, இன்னொரு கரண்டி கொள்ளு ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள் ஆத்தாயி.

"கோர்ட்டுக்கு இழுத்துப்போட்டு ரசம் வேற ஊத்தறயா?"

"கோர்ட்டு வேற, சோறு வேறயுங்க. கேசு போட்டேன்னு கூடப் பொறந்தவரைப் பட்டினி போடுவாங்களா?"

சென்னியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் ரசம் நன்றாக இருந்தது. ஊற்றச் சொன்னார்.

அவர் ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவர். ஆத்தாயி அவருடைய தங்கை. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து கிழக்குத் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து, மிளகாயும் கத்தரியும் வைத்து, அந்த மண்ணைப் பொன்னாக்கி வைத்திருந்தாள். அப்பன் சொந்தமாக வாங்கிய தோட்டம் அது; அம்மாள் முன்பே போய்விட்டாள். போன வருஷம் அப்பனும் ஒன்றும் எழுதி வைக்காமல் கண்ணை மூடியதும், அதைக் குத்தகைக்கு விடப்போவதாகச் சென்னியப்பன் அறிவித்தார். "நீ ஊட்டோட இருந்து மாட்டைப் பாத்துக்க" என்று தங்கைக்கு ஒரு உத்தியோகமும் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் ஆத்தாயி பாதித் தோட்டம் தன்னுடையது என்றாள். பெண்மக்களுக்கும் பங்கு உண்டு என்று தில்லியில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். அவளுக்கு எப்படித் தெரியும்? பஞ்சாயத்து ரேடியோவில் சொன்னார்கள். அந்த ரேடியோவுக்கு மாலை போட்டுத் திறந்து வைத்தவர் சென்னியப்பனேதான்.

"தில்லிக்காரனுக்கு நம்ம தோட்டத்தைப் பத்தி என்னடா தெரியும்?" என்று அவர் திங்கட்கிழமைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் குதித்தார். "பொட்டப்புள்ளைக்கு நெலம் இல்லைன்னு சாஸ்திரத்துலயே இருக்குது!"

அங்கத்தினர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் மாமன் மச்சான்கள். இதில் எரிச்சல் மூட்டுகிற விஷயம் என்னவென்றால், ஆமாம் போட்ட ஒருவராவது அந்தச் சாஸ்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அது தாளில் இருக்கிறதா ஓலையில் இருக்கிறதா என்று கேட்டிருந்தால்கூட விழித்திருப்பார்கள். இல்லை என்று சொல்ல மட்டும் அது அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

குமாஸ்தா ஞானதாஸ் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவ வேதக்காரர், வம்புக்குப் போகாதவர்.

"தலைவரே, தெரு விளக்கு, சாக்கடை, குடிதண்ணி, இதுதான் நம்ம அதிகாரம். சொத்து விவகாரம் வராது. அதுவும் போக, சர்க்கார் காரியத்துக்குச் சாஸ்திரம் கிடையாது. சட்டம்தான்."

"நீங்க எழுதுங்க. இன்னைக்கிருந்து இந்த ஊர் எல்லைக்குள்ள சொத்துப் பாத்தியதை எல்லாம் அவங்கவங்க வேத சாஸ்திரப்படிதான்!"

"அவங்கவங்க வேதமுங்களா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மாதா கோயில் தெரு யாகப்பன். மாமன் மச்சான் அல்லாத ஒரே அங்கத்தினர். "அப்ப எங்களுக்கு எங்க பைபிளுங்களா?"

"உங்களுக்கு உங்க பைபிள். நான் ஓரவஞ்சனை பண்ற ஆளா யாகப்பா?"

யாகப்பன் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஞானதாஸ் ஆத்திரத்தோடு எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

ஒரு வாரம் கழித்து யாகப்பன் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தான். சும்மா வரவில்லை. மேளக்காரர்களிடம் இரவல் வாங்கிய கொம்பு ஒன்று தோளில் தொங்கியது.

"என்னடா இது, கல்யாணமா?" என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க. கிழக்குத் தோட்டத்தை வாங்கிக்கிட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க."

"என்னது?"

"அந்தத் தோட்டத்தை உங்கப்பாருக்கு வித்தது எங்க பாட்டனாருங்க. இந்த வருசத்தோட அம்பது வருசமாச்சு. எங்க வேதத்துல அம்பதாவது வருசம் ஜூபிலியாமுங்க. கொம்பு ஊதிப்போட்டு, வித்த நெலத்தை வித்தவன் குடும்பத்துக்கே திருப்பிக் குடுத்தரோணுமாம். எங்க கோயில் உபதேசியார் படிச்சுக் காட்டுனாருங்க. ஊதட்டுங்களா?"

சென்னியப்பன் ஞானதாசைப் பார்த்தார். ஞானதாஸ் உபதேசியாரிடம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இருக்குது தலைவரே. பழைய ஏற்பாட்டுல அப்படியே இருக்குது. இத்தனை வருஷம் பூசைக்குப் போறேன், ஒரு பங்குச் சாமியாரும் இதைச் சொல்லலை. இதுக்குத்தான் நான் அடிச்சுக்கிட்டேன். வேதம் கோயில்ல இருக்கட்டும், கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆபீசுல இருக்கட்டும்னு."

"அது கிறிஸ்துவங்க சட்டம்! தோட்டம் இப்ப இந்துத் தோட்டமாக்கும்!"

"கெணறு எங்குளுதுங்களே" என்றான் யாகப்பன் பணிவாக. "எங்க பாட்டன் வெட்டி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்ச கெணறு. கெணறு வேதத்துல இருக்குது, தோட்டம் மட்டும் எப்படீங்க வெளிய போவும்?"

மாமன் மச்சான்கள் இதைப் பற்றி ஒரு பகல் முழுக்க யோசித்தார்கள். கிணறு கிறிஸ்தவம், வரப்பு இந்து என்று ஒருவர் சமரசம் சொன்னார். பாயும் தண்ணீர் எந்த இடத்தில் மதம் மாறுகிறது என்று இன்னொருவர் கேட்டதும் கூட்டம் கலைந்தது. ஒரு விதவை உழைத்துப் பண்படுத்திய மண்ணை வைத்துக்கொண்டு இப்படியெல்லாம் பேச இவர்களுக்குக் கூச்சமே இல்லை.

"கொம்பை ஊதாத. பொறு" என்று சென்னியப்பன் கெஞ்சினார். "முறையாப் படிச்ச சாஸ்திரியாரைச் சேலத்துல இருந்து கூட்டியாறேன். தோட்டம் எனக்குத்தான்னு அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் உன்ற பைபிளும் நிக்காது, ஆத்தாயியோட ரேடியோவும் நிக்காது."

பஞ்சாபகேச சாஸ்திரிகள் பஸ்ஸில் வந்து இறங்கினார். பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டார். நடுவீட்டில் மணை போட்டு உட்கார்ந்து, சுவடியைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரில் கை கட்டி நின்ற சென்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் கொஞ்சம் வெளியில போய் நில்லும்."

"ஏனுங்க சாமி?"

"நான் வாசிக்கறது உம்ம காதுல விழப்படாது."

"எனக்காகத்தானுங்களே வாசிக்கறீங்க!"

"உமக்காகத்தான். ஆனா நீர் கேக்கப்படாது. சாஸ்திரம் அப்படிச் சொல்றது."

"இது என்ற ஊடுங்க!"

"அதனாலதான் வெளியில போம்னு மரியாதையாச் சொல்றேன். கொல்லைப் பக்கம் தூரமாப் போனா உத்தமம். பொம்மனாட்டிகளும் கேக்கப்படாது."

ஓரமாக உட்கார்ந்திருந்த ஞானதாசும் யாகப்பனும் எழுந்தார்கள். சாஸ்திரிகள் கையமர்த்தினார்.

"நீங்க கிறிஸ்தவாளா? உங்களைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை. உட்காருங்கோ."

ஆக, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தம் சொந்த வீட்டின் மாட்டுக்கொட்டகையில், சாணிக் குழி ஓரத்தில் போய் நின்றார். பக்கத்தில் ஏற்கெனவே ஆத்தாயி நின்றிருந்தாள். தன் சொத்து யாருக்கு என்று தீர்மானிக்கிற சட்டத்தைத் தன் காதால் கேட்க ஒரு மனிதனுக்கு உரிமை இல்லை என்றால் அது என்ன சட்டம்? இந்தக் கேள்வி சென்னியப்பனுக்கு முதன்முதலாக அங்கேதான் தோன்றியது. தங்கை பக்கம் திரும்பாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்கண்ணா" என்றாள் ஆத்தாயி, "பாகம் வேண்டாம்னீங்க. உங்க சாஸ்திரம் இந்தக் கொட்டாயில உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதின்னு சரியாப் பிரிச்சுக் குடுத்துருச்சே."

"பேசாம இரு புள்ளே."

ஞானதாஸ் உள்ளுக்கும் கொட்டகைக்குமாக ஓடி ஓடிச் சேதி சொன்னார். சொல்லும்போதே அவருக்கு முகம் சிவந்தது.

"தலைவரே, உங்க அப்பா அம்மா கல்யாணத்துல ஹோமம் வளர்த்து, ஏழடி எடுத்து வெச்சாங்களான்னு கேக்கறாரு."

"எங்கள்ல ஏதுங்க ஹோமம்? எங்க இனத்துப் பெரியவரு அருமைக்காரருதான் நடத்தி வெப்பாரு. ஐயருமில்ல, அக்கினியுமில்ல. காலங்காலமா அதுதான் வழக்கம்."

ஞானதாஸ் உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்க குமாஸ்தாரே."

"சொல்ல எனக்கு வாய் வரலை தலைவரே. அப்படின்னா அது கல்யாணமே இல்லையாம். கல்யாணம் ஆகாத வயித்துல பொறந்தவங்களுக்குச் சொத்துல பாத்தியதை கிடையாதாம்."

சென்னியப்பன் மாட்டைப் பார்ப்பதை விட்டுத் திரும்பினார்.

"எங்கம்மாளையா?" என்றார் சென்னியப்பன். "எங்கம்மாளையா அந்த ஆளு சொன்னான்?"

ஆத்தாயி அண்ணனுக்கு முந்திக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவீட்டுக்குள் போனாள். கேட்கக்கூடாது என்று சாஸ்திரிகள் சொல்லியிருந்தார். பேசக்கூடாது என்று சொல்லவில்லை. அவள் பேசிய பேச்சில் அவர் சுவடியைக் கட்டவும் மறந்து, வாழைப்பழச் சீப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

யாகப்பன் கொம்பைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"ஏனுங்க தலைவரே, உங்க சாஸ்திரப்படி உங்களுக்கு இல்லைன்னு ஆயிருச்சு. எங்க வேதப்படி எனக்குன்னு இருக்குது. நாளைக்குக் காலைல ஏர் பூட்டலாமுங்களா?"

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அண்ணனும் தங்கையும் நாமக்கல்லுக்குப் போனார்கள். ஆத்தாயியின் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு இருந்தது.

நோட்டீசு அனுப்பிய வக்கீல் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கும் கோபம் வந்தது.

"தீர்மானமாவது ஒண்ணாவது! அதைக் கிழிச்சு அடுப்புல போடுங்க. யாகப்பன் பாட்டன் வித்தது வித்ததுதான். உங்க வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் கல்யாணம்னு ஒத்துக்குது. உங்கம்மா அக்கினி சாட்சியா கல்யாணம் பண்ணினாங்களோ இல்லையோ, சட்டத்தின் சாட்சியா கௌரவமா வாழ்ந்தவங்க. நீங்க வாரிசுதான்."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா அதே சட்டத்துல உங்க தங்கச்சியும் வாரிசு. பாதிக்குப் பாதி. ஒரு வரியை மட்டும் வெச்சுக்கிட்டு அடுத்த வரி வேண்டாங்க முடியாது."

சென்னியப்பனுக்கு முந்தின நாள் கொட்டகையில் நின்றது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அம்மாள் முகம் நினைவுக்கு வந்தது.

"அந்தச் சட்டம் எங்கம்மாளைத் தப்பாச் சொல்லுலயே, அது ஒண்ணு போதுமுங்க" என்றார். "எங்க கையெழுத்துப் போடோணும்?"

தோட்டம் பாதிக்குப் பாதி, கிணறு பொது என்று ராஜிப் பத்திரம் எழுதினார்கள். ஆத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, "மேக்கால பாதி எனக்குங்க, மொளகா நட்டிருக்கறேன்" என்று கறாராகச் சொன்னாள். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து இருவரும் தூக்கைத் திறக்கும்போது, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பஞ்சாபகேச சாஸ்திரிகள். கையில் சுவடி இல்லை, வக்காலத்துக் காகிதம் இருந்தது. சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆத்தாயிதான் கேட்டாள்.

"இங்க யாரு ஊட்டுக் கலியாணத்தைக் கலைக்க வந்தீங்க சாமி?"

சாஸ்திரிகளுக்கு யார் கேட்டார்கள் என்று பார்க்கக்கூட நிதானம் இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

"இந்த ஊர்ல இருந்த என் மாமனார் போன மாசம் காலமாயிட்டார்மா. மச்சினன் படுபாவி நேத்து ராத்திரி சுவடியைத் தூக்கிண்டு வந்து, பொண்ணாப் பொறந்தவளுக்குப் பங்கு இல்லைன்னு என் ஆத்துக்காரியைத் துரத்திட்டான்! சாஸ்திரத்துக்கும் சொத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த நாட்டுல சட்டம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"