முறைப்படி ஒரு பயம்

கோட்டுச்சேரியில் ஒரே வளாகத்தில் தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் இருந்தன. நடுவே இடுப்புயரச் சுவர். அதில் ஒரு வழி. அந்த வழியைக் கடப்பது பிஞ்சு உள்ளங்களுக்குப் பேரச்சம் தருவதாக மேலிடம் கண்டறிந்தது. ஆகவே, ஐந்தாம் வகுப்பு முடிப்போர் 'அச்சநீக்க முகாமில்' சான்று பெற்றால்தான் ஆறாம் வகுப்பில் சேரலாம் என்று ஆணை பிறந்தது. முகாம் நடத்த சிவநாதன் என்ற ஒருங்கிணைப்பாளர் வந்தார்.

வந்தவர் ஐந்தாம் வகுப்புக் கீர்த்திகாவிடம் சிக்கினார்.

"ஆறாவதுன்னா பயமா இருக்காம்மா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தினம் மத்தியானம் அங்க உக்காந்துதான சார் சாப்புடுறோம். சன்னலோரமா இடம்கூடப் பாத்து வச்சிட்டேன்."

சிவநாதன் கவலையில் ஆழ்ந்தார். இல்லாத அச்சத்தை எப்படி நீக்குவது? நீக்காமல் எப்படிச் சான்று தருவது? மற்ற பிள்ளைகள் விவரமானவர்கள். கேட்டதும் பயந்து, மறுநாளே தெளிந்து, சான்று வாங்கிவிட்டார்கள்.

கீர்த்திகாவின் அம்மா தேவிகா ஓடி வந்தார். "சார், பயந்த மாதிரி நடிக்கச் சொல்றேன். புள்ளைக்கு ஒரு வருசம் வீணாயிடும்."

"நடிப்பை அரசு ஏற்காதும்மா. முறைப்படி பயப்படணும்."

"அப்ப பயமூட்டும் முன்பயிற்சி ஒண்ணு வச்சிடுங்களேன் சார்" என்றார் தலைமையாசிரியை சந்திரலேகா. கிண்டலாகத்தான் சொன்னார். சிவநாதன் குறித்துக்கொண்டார்.

திரை கட்டி இயற்கணிதம் காட்டினார்கள். "எக்ஸ் எவ்வளவுன்னு கண்டுபுடிக்கணுமா? நல்லாருக்கே" என்றாள் கீர்த்திகா. நடுநிலைப்பள்ளியின் கண்டிப்பான கணக்கு வாத்தியாரைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினார்கள். அவர், "சாப்டியா கீர்த்தி?" என்றார். எதிர்வீட்டுக்காரர்.

கடைசி நாளன்று சிவநாதன் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்ததால் கீர்த்திகாவே பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னியோட உங்க வேலை முடிஞ்சிடுமா சார்?"

"எங்கம்மா முடியுது? ஏழாவதுக்குப் போறப்ப ஒரு முகாம், எட்டாவதுக்குப் போறப்ப ஒரு முகாம். பன்னெண்டாவது வரைக்கும் நான்தான் வருவேன்."

கீர்த்திகாவின் முகம் மாறியது.

"இப்ப பயமா இருக்கு சார்."

சிவநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த அச்சத்தை நீக்க நேரம் இல்லாததால், நீங்கியதாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாசலில் காத்திருந்த மற்ற தாய்மார்களிடம் தேவிகா பெருமையாகச் சொன்னார்: "எம் பொண்ணு நெசமாவே பயந்துட்டாங்க. சாரே கண் கலங்கிட்டாரு."

பங்கஜவல்லி தன் மகனின் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் புள்ள சும்மா நடிச்சுதான வாங்குனான்" என்றார் வருத்தத்துடன். "இதுக்கு டியூசன் எங்கயாச்சும் எடுக்குறாங்களா தேவிகா?"