பாலத்தில் ஆளே இருக்கக் கூடாது

ஆறு பேரை ஒழித்துக்கட்டியாயிற்று. கழுதை மட்டும் பாக்கி.

புவெர்த்தோ அல்மெந்த்ரோ அருங்காட்சியகத்தின் காவலாளி எவாரிஸ்தோ, கையில் தூரிகையோடு ஸ்டூலில் நின்றார். எதிரே, மக்தலேனா ஆறும் பாலமும் ஊரும் தீட்டிய படம். ஊரின் ஒரே பெருமை அதுதான். இயக்குநர் ஒத்தீலியா அம்மாள் காலையில் மேசைமேல் வைத்துப் போன சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது: 'புவெந்தேயில் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது.'

புவெந்தே என்றால் பாலம். இன்னொரு தப்புச் செய்தால் வேலை போய்விடும் என்று அம்மாள் போன மாதம்தான் எச்சரித்திருந்தார். அதனால் எவாரிஸ்தோ எதிர்க்கேள்வி கேட்கவில்லை. தொடவே கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாகக் காவல் காத்த படத்தை முதல் தடவையாகத் தொட்டார். ஓவியம் இத்தனை வழவழப்பாக இருக்குமா என்று அதிசயித்துக்கொண்டார்.

ஓட்டுகிறவன் போனதும் கழுதை அநாதையாகத் தெரிந்தது. அழித்தார். அதன் நிழல் மட்டும் நின்றது. அதையும் அழித்ததில் பாலத்துக்கு நடுவில் ஓட்டை விழுந்தாற்போல் ஆயிற்று. ஓட்டையை மறைக்க ஆற்றை இரண்டு விரல் உயர்த்தினார். பாதி ஊர் முழுகிப்போயிற்று. தேவாலயம் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்தது.

அந்த நேரம் பார்த்து, தலைநகரத்திலிருந்து வந்த ஓவியப் பேராசிரியர் உர்தனேத்தா உள்ளே நுழைந்தார். அவரை அழைத்துவந்த அம்மாள் வாசலில் காபிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாலத்துல ஒருத்தரையும் காணோமே?"

"சாப்பிடப் போயிருக்காங்க ஐயா. இன்னிக்கு மீன் சூப்பு."

"அப்ப இந்த வெள்ளம்?"

"அதனாலதான் சீக்கிரமே கிளம்பிட்டாங்க."

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கண்ணீர் தாடி வழியே சொட்டியது. "ஒரு தேசத்தோட தனிமையையே வரைஞ்சு வச்சிருக்கான், பாவி."

அம்மாள் வந்து பார்த்தார். கைக்குடை நழுவி விழுந்த சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

"எவாரிஸ்தோ, என் ஜனங்க எங்கய்யா?"

"சீட்டுல நீங்கதானம்மா..."

"சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாள் சேர்ந்த லீவைச் சொன்னேன்யா. அதையும் நாம புவெந்தேன்னுதானே சொல்றோம்? லீவுல ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாதுன்னா, படத்துல இருக்கறவங்களையா காலி பண்ணுவ?"

எவாரிஸ்தோ இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

காபித் தட்டோடு வந்த பெருக்குகிற நூபியா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? லீவுக்கு ஆளிருக்காதுன்னு சீட்டுல பார்த்ததுமே அசலைக் கொண்டுபோய்ப் பூட்டி வச்சுட்டேன். சுவரு மொட்டையா இருக்கேன்னு நான் மாட்டினதும், இந்த ஐயா பார்த்து அழுததும் அதே படம் போட்ட போன வருஷத்து பேக்கரி காலண்டரும்மா."