சூடம் சார் வருகிறார், மூக்கைப் பொத்துங்கள்

புதுச்சேரியின் கடல் காற்றைத் தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் சூடம் சார்தான். அவர் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மீன் நாற்றம் அடங்கிவிடும். சட்டைப் பையில் எப்போதும் கற்பூரத் தைல பாட்டில் இருக்கும். மனுஷனைக் கண்டால் மூடியைத் திறப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரில் இயற்பெயர் எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

தலைவலியா, நெற்றியில் தைலம். மூக்கடைப்பா, கைக்குட்டையில் ரெண்டு சொட்டு. பீரோவில் பூச்சியா, பஞ்சில் நனைத்து வைப்பார். புதிதாக வந்த கம்ப்யூட்டர் கீபோர்டில் எறும்பு ஊர்ந்ததென்று அதிலும் ஊற்றினார். எறும்பும் போயிற்று, கீபோர்டும் போயிற்று. மேனேஜர் கத்தியபோது, "டென்ஷன் ஆவாதீங்க சார், நெத்தில கொஞ்சம் தடவட்டுமா?" என்றார்.

நான் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கூட வந்த சூடம் சார், வேண்டாமென்று கெஞ்சக் கெஞ்ச, வேனிலேயே தேய்த்துவிட்டார்.

"மொதல்ல ஜில்லுனு இருக்கும், அப்புறம்தான் சூடு ஏறும். பேசாம இரு."

ஏறியது. கழுத்தைத் தொட்ட கையால் கண்ணையும் தொட்டுத் தொலைத்தேன். பெண் காபித் தட்டோடு வந்தபோது நான் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா அரண்டுபோனார். "தம்பிக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, பரவால்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் சூடம் சார் தைல புராணத்தை ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அம்மாவுக்கு முட்டிவலி வேறு. என்னை மறந்து வீடே அவரைச் சூழ்ந்துகொண்டது. பெண் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பின்னாடி கொழா இருக்கு, மூஞ்சக் கழுவிக்குங்க" என்றாள். கல்யாணம் முடிவானது. தன் தைலத்தால்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மகள் பிறந்தபோது ஆபீஸே ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவரை மட்டும் காணோம். எரிச்சலோடு போன் செய்தேன்.

"எங்க சார் இருக்கீங்க?"

"கீழ, கேட்டாண்டதான் நிக்கிறேன்."

"மேல வர வேண்டியதுதானே?"

"பச்சக் கொழந்தப்பா. இந்த நெடி அதுக்கு ஆவாது, மூச்சு முட்டிடும். நல்லாத் தேச்சு குளிச்சுட்டுத்தான் வந்தேன். போவ மாட்டேங்குது."

குழந்தையைத் துணியில் சுற்றி, ஜன்னலருகே தூக்கிக் காட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, உச்சி வெயிலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கையை இறக்கும்வரை நானும் குழந்தையை இறக்கவில்லை.