சீயக்காயும் ஒரு எரிமலை ஏரியும்

அகராதியைப் பார்த்து மொழி கற்றவனை நம்பிக் காரில் ஏற்றக் கூடாது. என்னை ஏற்றிய பேராசிரியர் அதை அனுபவத்தில் தெரிந்துகொண்டார்.

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில், பான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன் நான். உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. பேராசிரியர் ஒரு கடிதம் கொடுத்தால் நீட்டிப்பார்கள்; இல்லாவிட்டால் பட்டமில்லாமல் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேட்கப் பயந்து இரண்டு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவரே கூப்பிட்டார். சனிக்கிழமை மனைவியோடு காரில் ட்ரியர் போய் ரோமானிய இடிபாடுகளைப் பார்க்கிறாராம், திரும்பும் வழியில் ஒரு எரிமலை ஏரியில் இறங்குகிறாராம். நானும் 'பாடெஸாகன்' எடுத்துக்கொண்டு வரலாமாம்.

அகராதியைப் புரட்டினேன். 'பாடன்' என்றால் குளிப்பது, 'ஸாகன்' என்றால் சாமான்கள். சந்தேகத்துக்குப் பக்கத்து அறை யாழ்ப்பாணத்துக் குகன் அண்ணையையும் கேட்டேன்.

"ஓம், குளிக்கிற சாமானெல்லாம் கொண்டு வரச் சொல்லித்தான் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை வேற. எண்ணெயை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றார். (புண்ணியவான், அவரும் வந்து ஆறு மாதம்தான்.)

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாக விடுதியில் காக்காய்க் குளியல் குளித்தவன் நான். அம்மா பார்சலில் அனுப்பிய நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், செம்பு, துண்டு எல்லாம் பைக்குள் போயின.

ட்ரியரில் இடிந்த குளியல் மண்டபத்தின் நடுவே நின்று, ரோமானியர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக் குளித்தவர்கள் என்று பேராசிரியர் விளக்கினார். அட, நம்ம ஆட்கள்! கொஞ்சநஞ்சம் இருந்த கூச்சமும் எனக்கு அங்கேயே போய்விட்டது.

ஏரி மலைகளுக்கு நடுவே வட்டமாக, கண்ணாடி மாதிரி கிடந்தது. அவர்கள் இருவரும் நீச்சலுடைக்கு மாறி (அவர்களுக்குப் 'பாடெஸாகன்' என்றால் அவ்வளவுதான்) வருவதற்குள், நான் கோவணத்தோடு உச்சி முதல் பாதம் வரை பளபளவென்று கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்குப் பூசும் எண்ணெய் என்று நினைத்து அந்த அம்மாள் மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தார். பிறகு சீயக்காயைக் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு தொபுக்கடீர் என்று குதித்தேன். ஆஹா, என்ன சுகம்! ஜென்மமே சாபல்யமடைந்தது போலிருந்தது.

கண்ணைத் திறந்தேன். எரிந்தது. என்னைச் சுற்றிப் பழுப்பு நுரை. அதைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம், ஏரியின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு கரையேறினார்கள். கரை என்று தடவி நான் பிடித்தது ஒரு பெரியவரின் காலை.

ஏரிக் காவலர் விசில் ஊதிக்கொண்டு நோட்டோடு வந்துவிட்டார். இந்த ஆள் யார், எந்த நாடு, எப்போது திரும்பிப் போவார் என்று பேராசிரியரிடம் கேட்டார். ஒரு கையால் கண்ணையும் ஒரு கையால் கோவணத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிதம் போயேபோச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார்.

"இவர் என் மாணவர். இன்னும் மூன்று வருஷம் இங்கேதான் இருப்பார். பழகிக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் அழுதேன். எல்லோரும் சீயக்காய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, நான் டாக்டர் பட்டம் வாங்கிய கதையைக் கேட்டால் போதும். என்னை வாய் திறக்க விடாமல் என் மனைவி முந்திக்கொள்வாள்: "மத்தவங்க எல்லாம் படிச்சு வாங்கினாங்க. இவர் குளிச்சு வாங்கினார்."