மாப்பிள்ளையின் லென்ஸ் இன்னும் வரவில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து உன் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீயும் அத்தானும் நலமா என்று வழக்கம்போல் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நலமாக இருப்பது வேறு, நலமாக இருப்பதுபோல் தோன்றுவது வேறு என்று நீ பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். ஆகவே, நலம்போலத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்.

கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர் என்று நீ சொன்னபோது, வேலை நேரத்தில் மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்து ஏமாந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சாப்பிட்டதா ஞாபகம் இருக்கு. ஞாபகத்தை எப்படி நம்புறது மாமா?" என்கிறார். உட்காருங்கள் என்றால், பார்க்க ஆள் இல்லாத நேரத்திலும் இந்த நாற்காலி இங்கேயே இருக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறார். என் மகளுக்கு இதெல்லாம் கேட்கக் கேட்கச் சிரிப்பு. சாயங்காலமானால் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே லென்ஸ் துடைக்கிறாள், துடைத்ததையே திரும்பத் துடைக்கிறாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை அக்கா. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நானே வினையை விலைக்கு வாங்கினேன். மாப்பிள்ளை கடைக்குள் வந்ததும் அங்கிருக்கும் ஆளுயர முகக்கண்ணாடிக்கு வணக்கம் சொன்னார். ஏதோ தத்துவமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்து, பிரேம் மாட்டியிருக்கும் ஸ்டாண்டிடம் போய், "நல்லாருக்கீங்களா மாமா?" என்றார். சரி, இது தத்துவம் இல்லை, பவர் என்று புரிந்துகொண்டு, அவரைப் பிடித்து உட்காரவைத்து, எதிர்ச் சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன்.

"எனக்குத் தோணுறதைச் சொல்லணுமா, அங்க நிஜமா இருக்கிறதைச் சொல்லணுமா?"

"தெரியிறதைச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"தெரியிறதும் இருக்கிறதும் ஒண்ணுதான்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

எழுத்து தெரியவில்லை என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்து இருக்கிறதா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். இதில் கண்ணாடி வாங்கக் காத்திருந்த தையல்காரர் வேறு எழுந்து, "அவர் கேக்குறது நியாயந்தானே? மங்கலாத் தெரியிற உலகம் பொய்யின்னு யார் சொன்னது?" என்று கண்ணாடியே வேண்டாமென்று போய்விட்டார். அவரிடம் என் சட்டைத் துணி இருக்கிறது. அதில் கை எந்தப் பக்கம் வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஒருவழியாகச் சோதித்து முடித்தேன். அவர் போட்டிருப்பது எந்தக் காலத்திலோ வாங்கிய கண்ணாடி, வேண்டிய பவரில் பாதிகூட அதில் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் அவருக்கு வெறும் புகைமூட்டம். அப்படியானால் இத்தனை மாதமாக அவர் யாரைப் பார்த்து ஆசைப்பட்டார்? என் மகளையா, என் மகள் இருக்கிற இடத்தில் தெரிகிற வேறு எதையோவா? பார், நானும் அவரைப்போலவே கேட்க ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவளுக்கும் நம் குடும்ப மூக்குதான். கோபித்துக்கொள்ளாதே. உன் மூக்கை அத்தான் தைரியமாக ஏற்றுக்கொண்டார், எல்லாரும் அத்தான் ஆகிவிட முடியுமா? நல்ல பார்வையுள்ள இரண்டு பேர் ஏற்கனவே வந்து பெண் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அப்போது அவள் அழவில்லை. கடையில் இருந்த முகக்கண்ணாடிகளை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். இவர் வரத் தொடங்கிய பிறகுதான் அவை நேராயின.

லென்ஸ் வந்து நாளாகிறது. பழைய பிரேமே போதும் என்கிறார், அதைக் கொஞ்சம் சூடுகாட்டி லென்ஸை அழுத்திப் பொருத்தினால் தீர்ந்தது. கடையில் அந்த வேலை என் மகளுடையது. நானோ லென்ஸை உறையோடு டிராயரின் அடியில் ஒளித்துவிட்டு, "கம்பெனிக்காரன் இன்னும் அனுப்பல மாப்பிள்ளை" என்று தினமும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பரவால்ல மாமா, கண்ணுக்குத் தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா, எங்கயாவது இருக்கும்" என்று சிரிக்கிறார். எனக்குப் பகீர் என்கிறது.

ஆகவே அக்கா, கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. பெரியவளாக முன்னால் நின்று கல்யாணத்தைச் சட்டுப்புட்டென்று முடித்துவை. முடிந்த மறுநாளே லென்ஸை மாட்டிவிடுகிறேன். இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவருக்கு வரவேண்டிய பார்வையைத் தராமல் வைத்திருப்பது செய்கிற தொழிலுக்கே துரோகம். ஆனால் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், தொழிலாவது ஒன்றாவது என்று ஆகிவிடுகிறது. இவள் அம்மா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள். அவள் இடத்தில் நீ வந்து திருகு. ஆனால் தேதியைக் குறித்துவிட்டுத் திருகு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள், அவர்கள் உண்மையிலேயே இருக்கும் பட்சத்தில், நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: அக்கா, அவசரமாகப் புறப்பட வேண்டாம். நிதானமாகக் கல்யாணத்துக்கு வந்தால் போதும். உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் மகள் இதை முழுக்கப் படித்துவிட்டாள். "அப்பா, டிராயர்ல இருக்கிறது அவரோட பழைய லென்ஸ்" என்கிறாள். நான் ஒளித்துவைத்த மறுநாளே எடுத்து, அவர் பிரேமில் புதியதைப் பொருத்திவிட்டு, கழற்றியதை அதே உறையில் போட்டு வைத்திருக்கிறாள். நம்பாமல் எடுத்துப் பவர் பார்த்தேன், பழையதேதான். பிரேம் மாறாததால், தினமும் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாட்டிக்கிட்டு என்னம்மா சொன்னார்?" என்று கேட்டேன்.

"எதிர்ல உக்காந்து, 'நல்லாப் பாத்துக்குங்க, இதுதான் நான்'னு சொன்னேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்ப்பா."

"ஏதாவது கேள்வி கேட்டாரா?"

"ஒண்ணுமே கேக்கல."