சி பிளாக்கில் எமர்ஜென்சி

சிங்காநல்லூர்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் வெங்கடபதி அவர்களுக்கு,

தங்கள் தங்கை வெங்கடம்மாளின் வீட்டுக்காரன் கோபாலசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே தங்கள் தங்கை மிக மிக நலம். அதுதான் பிரச்சினையே. பொள்ளாச்சியில் தாங்களும் அக்காவும் தென்னந்தோப்பும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் பின்னாலேயே வந்து நின்று கேட்கிறாள். வாட்ஸ்அப் கதையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்திரா அம்மையார் மேல் எனக்குள்ள பக்தி தங்களுக்குத் தெரியாததல்ல. வருஷம் தவறாமல் நவம்பர் பத்தொன்பதாம் தேதி எங்கள் குடியிருப்பு வாசலில் படம் வைத்து, மாலை போட்டு, நாற்பது நிமிஷம் பேசுவேன். கேசரியைப் பேச்சுக்குப் பிறகுதான் கொடுப்போம் என்பதால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது, மன்னர் மானியத்தை ஒழித்தது, எழுபத்தொன்றில் யுத்தத்தை நடத்திய நெஞ்சுரம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்வேன். எமர்ஜென்சி வரும் இடத்தில் மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். மந்திரிசபையில் இருந்த ஒரே ஆம்பளை அந்தம்மாதான் என்று முடித்துக் கைதட்டலுக்கு நிறுத்துவேன். போன வருஷம் அப்படி நிறுத்திய நேரத்தில், கேசரித் தட்டோடு நின்றிருந்த தங்கள் தங்கை, “ஏனுங்க, ஆம்பளைன்னு சொன்னாத்தான் அந்தம்மாவுக்குப் பெருமைங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இங்கே ஏ, பி, சி என்று மூன்று பிளாக், முப்பத்தைந்து வீடு, ஒரு சங்கம். பதினொரு வருஷமாக, சி பிளாக்கில் குடியிருக்கும் நான்தான் செயலாளர். தலைவராக இருந்தவர் தை மாதம் பெங்களூரில் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்ள, ஏ பிளாக் நஞ்சுண்டன், முதன்முதலில் இங்கே வீடு வாங்கியவன் நான்தான், எனக்குத்தான் அந்த நாற்காலி என்றார். பி பிளாக்காரர்கள் அவரென்றால் நாங்கள் சந்தாவே கட்ட மாட்டோம் என்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்போது இந்தப் பாழாய்ப்போன யோசனையைச் சொன்னவன் நான். வெங்கடம்மாளைப் போடுங்கள், அவள் வாயே திறக்க மாட்டாள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள், காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டெல்லியில் பெரிய தலைவர்களெல்லாம் பேசாத பொம்மை என்று நம்பி அந்தம்மாவைப் பதவியில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் முழித்த முழியை வருஷா வருஷம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவன் நான், மச்சான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போச்சோ தெரியவில்லை.

முதல் வாரமே மோட்டார் ரூம் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நல்ல தண்ணி வரும் நாளில் முதலில் ஏ பிளாக், மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு என்ற முறையை மாற்றி, மூன்று பிளாக்குக்கும் ஒரே நேரத்தில் திறக்க வைத்தாள். அடுத்து மொட்டை மாடித் துணிக் கொடிகள். இது எங்க கொடி, அது உங்க கொடி என்று பரம்பரைச் சொத்து மாதிரி பிடித்துவைத்திருந்தோமே, அத்தனையையும் ஒரே நாளில் நாட்டுடைமை ஆக்கிவிட்டாள். நஞ்சுண்டன் நிழலில் வைத்திருந்த இரண்டு கார் இடத்தில் ஒன்று போயிற்று. அவராவது பரவாயில்லை, செயலாளர் என்று நான் போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் நிறுத்துவேனே, அந்த மானியமும் ஒழிந்தது. இப்போது கட்டிய கணவன் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்காதவர் வீட்டு எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதுகிறார்கள். முதல் நாள் எழுதிய எண் எங்கள் வீட்டு எண். இது அராஜகம் என்று குரூப்பில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டாள். பத்திரிகைத் தணிக்கை என்றால் என்ன என்று எனக்கு இந்த வயசில்தான் புரிந்தது. இத்தனைக்கும் ஜனங்கள் என்னவோ வெங்கடம்மா வெங்கடம்மா என்று அவள் பின்னால் அலைந்தார்கள். வாக்கிங் போனால்கூட நாலு பேர் குடை பிடிக்காத குறைதான்.

அப்புறம் பெங்களூரிலிருந்து லீவில் வந்து சேர்ந்தான் எங்கள் மகன் சசிதர். சங்கத்தில் அவனுக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனால் காலையில் வாட்ச்மேனுக்கு உத்தரவு போடுவான், மாலையில் சுவருக்குப் பெயிண்ட் கலர் சொல்வான். கேட்டுக்குப் பக்கத்தில் பதினைந்து வருஷமாக இஸ்திரி போடும் பாப்பாயியின் வண்டி அசிங்கமாக இருக்கிறது என்று ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் விட்டுவிட்டான். இவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிள்ளைப் பாசத்தில் அந்தம்மாவே சறுக்கினார், இவள் எம்மாத்திரம்? மூன்று நாள் முப்பத்தைந்து வீட்டிலும் கசங்கின சட்டை. இவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மகனைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு, தானே போய்ப் பாப்பாயியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “என்ற பையன் செஞ்சது தப்பு, அதப் பாத்துட்டு நிந்த நானும் தப்புத்தான் கண்ணு” என்று கேட்டில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சொல்லிவிட்டு, வருகிற ஞாயிறு தலைவர் தேர்தல், நானும் நிற்கிறேன், வேறு யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று போர்டில் எழுதிவிட்டாள்.

விடுவேனா? நஞ்சுண்டன் முன்மொழிய நான் மனு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, எமர்ஜென்சி நடத்தியவளுக்குத் தேர்தல் ஒரு கேடா என்று கேட்டேன். சாதத்தைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏனுங்க, அந்தம்மா எமர்ஜென்சி போட்டாங்க, அப்பறம் எலெக்சனும் வெச்சாங்க, தோத்தும் போனாங்க. நீங்க பதினோரு வருசத்துல ஒருக்காவாச்சும் எலெக்சன் வெச்சீங்களா?”

கையைக் கழுவிக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். பெண்டாட்டியிடம் தோற்றால் நாளைக்குப் பேப்பர் வாங்கக்கூட நான் கீழே இறங்க முடியுமா? அவள் தோற்றாலும் வீட்டில் நான் குடியிருக்க முடியுமா? ஆகவே தாங்கள் சனிக்கிழமையே காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்து வந்து, கூடப்பிறந்தவன் என்ற உரிமையில் அவளை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டும். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால், போன நவம்பரில் நான் பேசியதை யாரோ எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரக் குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் தோப்பில் குலைக்குக் குலை காய் நிறையட்டும், கொப்பரை விலை இறங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கோபாலசாமி,
செயலாளர் (இன்றுவரை).

பின்குறிப்பு: இந்தக் கடிதம் நாலு நாளாக என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. தேர்தல் முடிந்துவிட்டது. தாங்கள் வர வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்கள் வீடு அவள் பேரில் இருப்பதால் ஓட்டு அவளுடையது. ஆனால் காலையில் சீட்டை என் கையில் கொடுத்து, எனக்கு நானே போட்டுக்கறது நல்லாருக்காதுங்க, நீங்களே யாருக்கு வேணுமோ போடுங்க என்று சொல்லிவிட்டாள். அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நான் ஜெயித்தால் இவள் மறுபடி வாயை மூடிக்கொண்டு கேசரித் தட்டோடு ஓரமாக நிற்பாள் என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை. வெங்கடம்மாள் பதினெட்டு, எனக்குப் பதினேழு. நம் பக்கத்து ஓட்டு ஒன்று அந்தப் பக்கம் போயிருக்கிறது, யார் அந்தத் துரோகி என்று நஞ்சுண்டன் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்துக்கொண்டிருக்கிறார். நானும் அவர் கூடவே போய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.