இரண்டு கையிலும் ஊசி, பக்கத்தில் மாமா

கடலூர்.

அன்புள்ள அத்தைக்கு,

அருண்பாண்டியன் எழுதுவது. இங்கே எல்லாம் நலம், என் ரத்தம் நீங்கலாக.

செவ்வாய்க்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்குத் துணையாக மாமாவை அனுப்பியிருந்தீர்கள். நன்றி. ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போகும், கொழுப்பை வடிகட்டியபின் மறு கை வழியாகத் திரும்பி வரும், மூன்று மணி நேரம் இரண்டு கையையும் அசைக்க முடியாது, இது மாமாவுக்கு வசதியாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னை வருங்கால மருமகன் என்று அறிமுகம் செய்தார், நர்ஸ் காயத்ரியிடம் மாப்பிள்ளைக்குத் தை மாதம் கல்யாண லீவு கிடைக்குமா என்று கேட்டார், போனை என் முகத்துக்கு நேரே பிடித்து புவனகிரியில் நடந்த காதுகுத்தில் என்னைக் கலந்துகொள்ள வைத்தார், மூக்கு அரிக்கிறது என்றேன், காதைச் சொறிந்துவிட்டார். வடிகட்டி மஞ்சளாவதைக் கண்டதும் எழுந்து நின்றார். "உங்க அத்த ஊத்துன நெய்யெல்லாம் இங்க வந்துருக்குது பாரு மாப்ள."

அழாதீர்கள் அத்தை. டாக்டரிடம் கேட்டேன். நெய்யால் வந்ததில்லை, பிறவியில் வந்தது. சொத்து வெளியே போகக்கூடாது என்று அப்பா தன் அக்கா மகளையே கட்டினார். கொழுப்பும் வெளியே போகவில்லை.

சின்ன வயதில், சிதம்பரம். ஆனித் தேர். கீழவீதியில் நீங்கள் சம்பா சாதத்தை உருட்டி உருட்டிக் கையில் வைப்பீர்கள். நானும் உங்கள் மகள் இளவரசியும் செருப்பைக் கழற்றி, குதிகாலுக்கு மேல் இருக்கும் முடிச்சை ஒப்பிட்டுப் பார்ப்போம். யாருடையது பெரிது. எப்போதும் நான்தான். குடும்ப அடையாளம் என்று பெருமைப்பட்டீர்கள். அது கொழுப்பு, அத்தை. அதே முடிச்சோடுதான் அப்பா மாரடைப்பில் போனார்.

ஆகவே இளவரசியை நான் கட்டிக்கொள்ள முடியாது. இன்னொரு குழந்தை இந்தக் கட்டிலில் படுக்க வேண்டாம். அவளைத் தவிர வேறு யாரையும் நினைத்ததில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் கையை நீட்டுங்கள்.

மாமாவுக்கு வணக்கம். இளவரசிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உங்கள் அண்ணன் மகன்,
அருண்பாண்டியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இளவரசிக்குப் போன் செய்து இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாள். "போன மாசமே டெஸ்ட் எடுத்து மாத்தர போட்டுக்கினு இருக்கறேன். உன்ன கட்டிக்கறேன்னு யாருகிட்ட சொன்னேன்? அதெல்லாம் அப்பா பேச்சு." எனவே கல்யாணப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடவும். டெஸ்டுக்குப் பயப்படுவது நீங்கள்தான் என்றாள். சனிக்கிழமை காலை எதுவும் சாப்பிடாமல் இருங்கள். வண்டியோடு வருகிறேன்.